பெருமாள் அமுது செய்யும் நேரம்

ஸ்ரீரங்கம்
9 பிப்ரவரி 2025

சௌபாக்கியவதி பார்கவிக்கு, உன் மாமியார் கோமளவல்லி எழுதிக்கொண்டது.

காவேரிப் பாலத்தின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஸ்டாம்ப் ஒட்டிக் கடிதம் போடுகிற முதல் மாமியார் நானாகத்தான் இருப்பேன். பஸ் ஏறினால் அரை மணியில் புத்தூர். ஆனால் என் பெயர் ஃபோனில் வந்தாலே உனக்குக் கை நடுங்குகிறது என்று உன் அம்மா முகுந்தனிடம் சொல்லியிருக்கிறாள். "எழுத்துல இருந்தா படிச்சுப்பா மாப்பிள்ளை" என்றாளாம். சரி, எழுதுகிறேன்.

நீ இல்லாததை வீதியில் எல்லோரும் கவனித்துவிட்டார்கள். "மாட்டுப்பொண்ணைக் காணலையே?" என்கிறார்கள். அம்மா ஆத்துக்குப் போயிருக்கிறாள் என்றால், உடனே முகம் மலர்ந்து "விசேஷமா?" என்கிறார்கள். நான் என்ன பதில் சொல்ல? ஒரு நாள் ஆட்டோவில் மயக்கம் வந்தது, ஆஸ்பத்திரியில் ஒன்றுமில்லை என்றார்கள், ஒன்றுமில்லாததற்காகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள் என்று சொல்லட்டுமா?

அன்றைக்கு நான் என்ன குறை வைத்தேன் என்று நீயே சொல். உறவில் ஒரு கல்யாணத்துக்குப் போகிற வழியில், பாலத்தின் நடுவில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு "அம்மா, நான் செத்துடுவேன்" என்று என் மடியில் சாய்ந்தாய். பட்டுப்புடவையில் சிந்தினாலும் பரவாயில்லை என்று ஃப்ளாஸ்கைத் திறந்து உன் வாயில் காபி ஊற்றியவள் நான். இன்றைக்கு நேற்றா? உனக்கு நடுக்கம் ஆரம்பித்த ஆவணியிலிருந்து, நீ சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோதெல்லாம் இன்னொரு டம்ளர் காபி கலந்து கொடுத்திருக்கிறேன். அதுவும் முதல் டிகாஷனில். என் பிள்ளைக்கே நான் இரண்டாம் டிகாஷன்தான்.

மார்கழியில் நீ நன்றாகத்தானே இருந்தாய்? மாதம் முழுக்க இருட்டோடு எழுந்து கோலம் போட்டுப் பாசுரம் சொன்னாய். ஒரு நாள் கூட நெஞ்சைப் பிடிக்கவில்லை. தை பிறந்தது, பாசுரத்தை நிறுத்தினாய், நடுக்கம் திரும்பி வந்தது. டாக்டருக்கு இதெல்லாம் தெரியாது. எனக்குத் தெரியும்.

பீரோ விஷயத்தை நீ இன்னும் மனசில் வைத்துக்கொண்டிருக்கிறாய் என்று முகுந்தன் சொல்கிறான். பட்டுப்புடவைகளுக்கு நடுவில் வேர்க்கடலைப் பொட்டலமும் வாழைப்பழமும் ஒளித்து வைத்து, எறும்பு ஏறி, அதை மாம்பலத்து அத்தை எதிரில் நான் வெளியே எடுக்கும்படி ஆயிற்றே, அது யாருக்கு அவமானம்? திருட்டுத் தீனி என்று சொன்னேன். வேறு எப்படிச் சொல்வது? இந்த அகத்தில் தளிகை பண்ணியதைப் பெருமாளுக்கு அம்சை பண்ணாமல், அவருக்குக் காட்டாமல், ஒரு பருக்கை யார் வாயிலும் போனதில்லை. பழமும் அப்படித்தான். நீயும் வைஷ்ணவாள் அகத்துப் பெண்தானே, இதைச் சொல்லித் தர வேண்டுமா?

பங்குனி உத்திரச் சேர்த்திக்குள் வந்து சேர். உனக்குப் பிடிக்குமே என்று புதிதாக வறுத்து அரைத்த காபிப் பொடி முகுந்தனிடம் கொடுத்திருக்கிறேன்.

கோமளவல்லி


புத்தூர், திருச்சி
17 பிப்ரவரி 2025

அம்மாவுக்கு நமஸ்காரம்.

உங்கள் கடிதத்தைச் சாப்பிட்ட பிறகு உட்கார்ந்து படித்தேன். இப்போதெல்லாம் கஷ்டமான காரியங்களைச் சாப்பிட்ட பிறகுதான் செய்கிறேன். காபிப் பொடியைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கோபத்தில் இல்லை. கொஞ்சம் கோபத்திலும்தான்.

ஒன்றுமில்லை என்று அவர்கள் சொன்னது என் இதயத்தைப் பற்றி. அதைக் கேட்டதும் நீங்கள் முகூர்த்தத்துக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டீர்கள். அதற்குப் பிறகு என்னை இன்னொரு டாக்டரிடம் அனுப்பினார்கள். அந்த அம்மாள் இதற்குப் பதற்ற நோய் என்று பெயர் சொன்னார். நான் வேண்டுமென்று செய்வதில்லை, நடிப்பும் இல்லை, பலபேருக்கு இருக்கிறது என்றார். அதைக் கேட்டு அங்கேயே அழுதுவிட்டேன். மாத்திரை கொடுத்தார். வாரம் ஒரு முறை போய்ப் பேசிவிட்டு வரச் சொன்னார். அப்புறம் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார்.

"காலையில எப்ப எழுந்திருக்கீங்க?"

"அஞ்சு மணிக்கு."

"முதல்ல என்ன சாப்பிடுவீங்க?"

"காபி."

"அது சாப்பாடு இல்லம்மா. சாப்பாடு எப்ப?"

"பதினோரு மணி ஆகும். பெருமாளுக்கு ஆகணும்."

"அதுவரைக்கும்?"

"இன்னொரு காபி."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ராத்திரி சாப்பிட்டதற்குப் பிறகு மறுநாள் பாதிப் பகல் வரை ஒன்றும் உள்ளே போகாவிட்டால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கும், உடம்பு அதை ஆபத்து என்று நினைத்துக்கொண்டு நெஞ்சை அடிக்க வைக்கும், கையை நடுங்க வைக்கும் என்றார். அதன் மேல் வெறும் வயிற்றில் கெட்டிக் காபி. "பயமே இல்லாத ஆளுக்குக்கூட கை நடுங்கும்மா. உங்களுக்கு ஏற்கெனவே பயம் இருக்கு" என்றார். நீங்கள் பிரியமாகக் கொடுத்த ஒவ்வொரு டம்ளரும் எனக்கு என்ன செய்துகொண்டிருந்தது என்று அப்போதுதான் புரிந்தது. உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பெருமாள் காபி சாப்பிடுவதில்லை, அதனால் நம் வீட்டில் அது உணவாகவே சேர்த்தி இல்லை.

மார்கழியில் நடுக்கம் ஏன் வரவில்லை என்று அவரும் கேட்டார். உங்களைப் போலவே நானும் பாசுரம் என்றேன். அப்புறம்தான் தோன்றியது. மார்கழியில் நம் வீட்டுப் பெருமாள் விடிவதற்குள் பொங்கல் அமுது செய்துவிடுகிறார். பொழுது வெளுக்கும்போது எனக்கு ஒரு கிண்ணம் சுடச்சுடக் கிடைத்தது. அரிசி, பயத்தம்பருப்பு, நெய், மிளகு. அந்த மாதம் முழுக்க என்னைக் கையைப் பிடித்துக்கொண்டு போனது அந்தக் கிண்ணம்தான். பாசுரத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. நீங்களும் பொங்கலைக் குறைத்துச் சொல்லக் கூடாது.

தை பிறந்ததும் நேரம் பழையபடி ஆயிற்று. சாப்பிட்டால் நடுக்கம் அடங்குகிறது என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது, ஏன் என்று தெரியவில்லை. அதனால்தான் பீரோவில் கடலை. நீங்கள் மாம்பலத்து அத்தை எதிரில் அந்த வார்த்தையைச் சொன்ன பிறகு நான் ஒளித்துச் சாப்பிடுவதை விட்டுவிட்டேன். நாம் கல்யாணத்துக்குக் கிளம்பிய அன்று காலையில் என் வயிற்றில் உங்கள் காபி மட்டும்தான் இருந்தது.

நான் திரும்பி வர ஒன்றே ஒன்று போதும். காலையில் ஏழு மணிக்குச் சமையலறையில் எல்லோரும் பார்க்க உட்கார்ந்து ஒரு தட்டில் சாப்பிட வேண்டும். அது இட்லியாக இருக்கலாம், நேற்றைய மாவில் வார்த்த தோசையாக இருக்கலாம். ஒளிக்க மாட்டேன். இவ்வளவுதான்.

பார்கவி


ஸ்ரீரங்கம்
26 பிப்ரவரி 2025

பார்கவிக்கு,

ஏழு மணிக்கு ஒரு தட்டு, இவ்வளவுதான் என்று எழுதியிருக்கிறாய். இந்த அகத்தில் இரண்டு வருஷம் இருந்தவளுக்கு இதை "இவ்வளவுதான்" என்று எழுதக் கை வருகிறதே, அதுதான் எனக்கு ஆச்சரியம். அவர் சாப்பிடுகிறபோது சாப்பிடட்டும், நாம் நம் பாட்டைப் பார்ப்போம் என்று விட்டுவிட, பெருமாள் மாடியில் குடியிருக்கிற வாடகைக்காரர் இல்லை.

நான் விடிந்ததும் கோயிலுக்குப் போய் வரிசையில் நின்று சேவித்துவிட்டு, காய் வாங்கிக்கொண்டு வந்து, மறுபடி ஸ்நானம் பண்ணி மடியாகத் தளிகையை ஆரம்பிக்கிறேன். உன் மாமனார் போன பிறகு எல்லாம் நான் ஒருத்திதான். பதினோரு மணி ஆகத்தான் ஆகும். நானும் அதுவரை சாப்பிடாமல்தான் இருக்கிறேன். உன்னை மட்டும் பட்டினி போட்டுவிட்டு நான் ஒரு மூலையில் உட்கார்ந்து மென்றுகொண்டிருக்கவில்லை.

நடுக்கம் உனக்கு மட்டும் வருகிறது என்று நினைக்காதே. நாங்கள் அதற்குப் படபடப்பு என்று பெயர் வைத்தோம், ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. வரிசையில் நிற்கும்போது எனக்குக் காது அடைத்துக்கொள்ளும், உடம்பு லேசாகி, கால் தரையில் பாவாத மாதிரி இருக்கும். அதை நான் நோய் என்று நினைத்ததே இல்லை. பெருமாள் கிட்டே வருகிறார் என்று நினைப்பேன். உன் டாக்டர் அதற்கும் இட்லி சாப்பிடச் சொல்வாளா?

எனக்கு வயிறு எரிகிறது. யாருக்குச் சோறு போடாதவள் நான்? உன் ஆத்துக்காரனைக் கேள். பிளஸ் டூ படிக்கும்போது அவனுக்கு விடியற்காலை டியூஷன். நான் இருட்டோடு எழுந்து ஸ்நானம் பண்ணி, தளிகையை முடித்து, பெருமாளுக்கு அம்சை பண்ணி, ஐந்தரை மணிக்கெல்லாம் பருப்புச் சாதத்தில் நெய்யை விட்டுப் பிசைந்து அவன் கையில் கொடுத்துவிடுவேன். காலேஜ் படித்த வருஷங்களிலும் அப்படித்தான். என் பிள்ளை ஒரு நாளும் வெறும் வயிற்றோடு வாசற்படியைத் தாண்டியதில்லை. இப்படி ஒரு பிள்ளையை வளர்த்தவளைப் பார்த்து, சாப்பாடு போடாமல் நோய் வரவழைத்தாள் என்று புத்தூரில் உட்கார்ந்து ஒரு டாக்டர் சொல்வாள், நீ அதைக் கடிதத்தில் எழுதி அனுப்புவாய்.

அவனையும் நீ கெடுத்து வைத்திருக்கிறாய். இப்போது காலையில் நான் நீட்டுகிற டம்ளரைப் பார்த்துவிட்டு, "நீ எப்பம்மா சாப்பிடுவே?" என்று என்னைக் கேட்கிறான். முப்பத்திரண்டு வயசுக்கு மேல் இவனுக்கு இந்தக் கேள்வி வந்திருக்கிறது.

வருவதானால் வந்தபடி வா. தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வராதே.

கோமளவல்லி


புத்தூர், திருச்சி
5 மார்ச் 2025

அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தில் நீங்களே எழுதியிருப்பதை மறுபடி படித்துப் பாருங்கள்.

முகுந்தனுக்கு டியூஷன் இருந்தபோது பெருமாள் ஐந்தரை மணிக்கு அமுது செய்தார். காலேஜ் முடிகிற வரை அப்படியே செய்தார். முகுந்தனுக்குத் துவாக்குடியில் வேலை கிடைத்து, எட்டு மணிக்குக் கம்பெனி கேன்டீனில் பொங்கலும் வடையும் கிடைக்க ஆரம்பித்த பிறகு பெருமாள் பதினோரு மணிக்கு மாறிவிட்டார். பிறகு நான் வந்தேன்.

நான் இத்தனை நாளாக நேரம் பெருமாளுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் கேட்கக் கூச்சப்பட்டேன், புடவைக்கு நடுவில் கடலையை ஒளித்தேன். பெருமாளுக்கு முன்னால் சாப்பிட விடுங்கள் என்று போன கடிதத்தில் கேட்டதற்கு எனக்கே வெட்கமாக இருந்தது. நான் அதைக் கேட்டிருக்கவே வேண்டாம். அவருக்குச் சீக்கிரம் அம்சை பண்ணுங்கள் என்று கேட்டிருந்தால் போதும். அந்த வழி உங்களுக்குத் தெரிந்திருந்தது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோதும் தெரிந்திருந்தது.

ஐந்தரை மணிக்குக் கொடுத்தபோது பெருமாள் வேண்டாம் என்றாரா? பதில் எழுதுங்கள்.

பார்கவி


ஸ்ரீரங்கம்
20 ஏப்ரல் 2025

பார்கவிக்கு,

சேர்த்தி முடிந்துவிட்டது. பெருமாளும் தாயாரும் ஒரே ஆசனத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கூட்டத்தில் நான் தனியாக நின்று சேவித்துவிட்டு வந்தேன். முகுந்தன் வரவில்லை.

நீ கேட்டதற்கு உடனே பதில் எழுதவில்லை. உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். பெருமாள் வேண்டாம் என்று சொல்லவில்லை. போதுமா?

அவன் குழந்தை. பரீட்சைக்குப் போனான். ஒரு குடும்பமே அந்த மார்க்கை நம்பி இருந்தது. நீ எந்தப் பரீட்சைக்குப் போனாய்? கோலம் போட்டுவிட்டு, துணி மடித்துவிட்டு, ஃபோனைப் பார்த்துக்கொண்டு அகத்தில் இருந்தவளுக்காகத் தளிகை நேரத்தை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை என்று சொல்லி உன்னிடம் நல்ல பேர் வாங்க நான் எழுதவில்லை. தோன்றவே இல்லை, அதுதான் உண்மை.

எனக்காக யார் மாற்றினார்கள்? முகுந்தன் கைக்குழந்தை. அவனுக்குப் பால் கொடுத்துவிட்டு, கண் இருண்டு, தூணில் சாய்ந்து உட்கார்ந்திருப்பேன். உள்ளே உன் மாமனாரின் அப்பா திருவாராதனம் பண்ணிக்கொண்டிருப்பார். மணி அடிக்காதா என்று காது அங்கேயே இருக்கும். மத்தியானம் ஆகும். ஒருத்தரும் "உனக்குப் பசிக்கறதா?" என்று கேட்டதில்லை. நான் பீரோவில் கடலையை ஒளிக்கவில்லை. ஆட்டோவில் விழவில்லை. பொறுத்துக்கொண்டேன். நான் பொறுத்ததை உன்னால் பொறுக்க முடியவில்லை என்று ஒரு டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தால், அப்புறம் நான் பொறுத்ததற்கு என்ன மரியாதை? என்னால் ஆறவே முடியாதது இது ஒன்றுதான்.

முகுந்தன் துவாக்குடியில் போர்ஷன் பார்த்திருக்கிறான். வேலைக்குப் பக்கம் என்கிறான். எனக்குக் காது குத்துகிறான். உனக்காகத்தான். எடுத்துக்கொள். ஒரு பிள்ளை பெற்று, அவனை ஒரு நாள் பசிக்க விடாமல் வளர்த்து, கடைசியில் ஒரு தட்டுக்காக அவனை விட்டுக்கொடுத்தாள் கோமளவல்லி என்று இருக்கட்டும்.

கோமளவல்லி


புத்தூர், திருச்சி
2 மே 2025

அம்மாவுக்கு நமஸ்காரம்.

தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது பற்றி எழுதியிருந்தீர்கள். அதைப் படித்தபோது கைக்குழந்தையோடு இருந்த அந்தப் பெண்ணுக்காக அழுதேன். பிறகு கோபம் வந்தது. பசி எப்படி இருக்கும் என்று தெரியாதவர் இதைச் செய்திருந்தால் நான் மன்னித்திருப்பேன். உங்களுக்கு நன்றாகத் தெரியும். எனக்கு எந்தப் பரீட்சை என்று கேட்டீர்கள். அந்த நாட்களில் குளியலறைக்குப் போய்விட்டு விழாமல் திரும்பி வருவதே எனக்குப் பரீட்சையாக இருந்தது.

நான் இங்கே எப்படி இருக்கிறேன் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். எழுந்த கொஞ்ச நேரத்தில் ஒரு வாழைப்பழமாவது சாப்பிட்டுவிடுகிறேன். அப்புறம் இட்லியோ கேழ்வரகு தோசையோ, பருப்பு நிறையப் போட்ட சாம்பாரோடு. நடுவில் ஒரு பிடி சுண்டல். மத்தியானம் கீரையும் தயிரும் தவறுவதில்லை. காபி ஒரே ஒரு டம்ளர், டிபனுக்குப் பிறகு. மற்றதை விட்ட முதல் வாரம் தலை பிளந்தது, அம்மாவிடம் எரிந்து விழுந்தேன். சாப்பாடு மாத்திரைக்குப் பதில் ஆகாது என்று டாக்டர் அழுத்தமாகச் சொல்லியிருக்கிறார், அதனால் மாத்திரையும் உண்டு. நடுக்கம் முழுக்கப் போய்விடவில்லை. போன வாரம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் வந்தது. உட்கார்ந்து, மெதுவாக மூச்சு விட்டு, பையிலிருந்த கடலை மிட்டாயைத் தின்றேன். கொஞ்ச நேரத்தில் போய்விட்டது. எல்லோரும் பார்க்கத் தின்றேன் என்பதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

உங்கள் பிள்ளையை நான் எடுத்துக்கொண்டதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் ஞாயிற்றுக்கிழமை வருகிறார், என் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். நான் எப்போது சாப்பிடுவேன் என்று இரண்டு வருஷத்தில் ஒரு நாளாவது கேட்டீர்களா என்று அவரைக் கேட்டேன். "ஆத்துல எல்லாரும் சாப்ட்டிருப்பேள்னு நெனைச்சேன்" என்றார். பொய் சொல்லவில்லை. கேன்டீனில் வயிறு நிறைந்தவருக்கு வீட்டில் எல்லோருக்கும் வயிறு நிறைந்திருக்கும் என்று தோன்றியிருக்கிறது. நீங்கள் அப்படித்தான் வளர்த்திருக்கிறீர்கள், ஒரு நாளும் பசிக்க விடாமல்.

துவாக்குடி வீட்டுக்கு நான் இப்போது போகப்போவதில்லை. அவர் முதலில் ஒரு சாம்பார் வைக்கக் கற்றுக்கொள்ளட்டும். ஜூனில் இங்கே ஒரு ஸ்கூலில் சேருகிறேன், கல்யாணத்துக்கு முன்னால் பார்த்த அதே வேலை. உங்கள் வீட்டுக்கு வருவது பற்றி நான் கதவைச் சாத்தவில்லை. நேரத்தைத்தான் கேட்டேன், அதை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பார்கவி


ஸ்ரீரங்கம்
22 ஜூன் 2025

பார்கவிக்கு ஆசீர்வாதம்.

முகுந்தன் துவாக்குடிக்குப் போய்விட்டான். நீ புத்தூரில். நான் இங்கே. மூன்று பேருக்கு மூன்று அடுப்பு எரிகிறது, கேஸ் கம்பெனிக்கு நல்ல லாபம்.

உன்னிடம் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். போன வாரம் கோயில் வரிசையில் விழுந்துவிட்டேன். பின்னால் நின்ற பெண் பிடித்துக்கொண்டதால் தலை தப்பியது. முகுந்தன் வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனான். எனக்கும் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். எனக்கும் ஒன்றுமில்லை என்றார்கள். விழுந்து எழுந்தவளிடம் ஒன்றுமில்லை என்று சொன்னால் எவ்வளவு அவமானமாக இருக்கிறது. பொய் சொல்லிவிட்டு மாட்டிக்கொண்டவளைப் போலக் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். அந்த டாக்டர் பையனும் உன் டாக்டர் மாதிரியே கேட்டான், "கடைசியா எப்பம்மா சாப்பிட்டீங்க?" என்று. முகுந்தன் என் முகத்தைப் பார்த்தான். எனக்கு அவன் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

மறுநாள் எழுந்து ஸ்நானம் பண்ணியதும் தளிகையைத் தொடங்கினேன். சாதமும் மோரும், ஒரு அவரைக்காய்க் கறியமுதும்தான். பெருமாளுக்கு அம்சை பண்ணிவிட்டு ஏழு மணிக்கு உட்கார்ந்து சாப்பிட்டேன். வீட்டில் ஒருத்தரும் இல்லை, ஆனாலும் வெட்கமாக இருந்தது, வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட்டேன். அப்புறம் கோயிலுக்குப் போனேன். வரிசையில் காது அடைக்கவில்லை. உடம்பு லேசாகவில்லை. கால் தரையில் நன்றாகப் பாவி முழங்கால் வலித்தது. உள்ளே போய்ச் சேவித்தபோது பெருமாள் இருக்கிற தூரத்தில் இருந்தார். கிட்டே வரவில்லை. அன்றிலிருந்து தினமும் அப்படித்தான்.

இத்தனை வருஷமாக நான் பக்தி என்று நினைத்துக்கொண்டிருந்தது பசியா? வேறு யாரிடமும் என்னால் இதைக் கேட்க முடியாது. உடம்பு நன்றாக இருக்கிறது, கை நடுங்குவதில்லை, மத்தியானத்தில் யார் மேலும் எரிந்து விழுவதில்லை. எரிந்து விழ ஆளும் இல்லை. ஆனால் காலையில் வரிசையில் நிற்கும்போது அழுகை வருகிறது. இது எனக்குத் தெரியாமலே நான் போய்ச் சேர்ந்திருக்கலாம். உன் மேல் எனக்கு இருக்கிற கோபம் இப்போது இதுதான்.

எப்படியானாலும் இனிமேல் இந்த அகத்தில் ஏழு மணிக்குச் சாப்பாடு. நீ கேட்டது அதுதானே. முகுந்தனையும் கூப்பிட்டுக்கொள்கிறேன். மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. வந்துவிடு.

கோமளவல்லி


புத்தூர், திருச்சி
30 ஜூன் 2025

அம்மாவுக்கு நமஸ்காரம்.

உங்கள் உடம்பு தேறியதில் எனக்கு நிஜமாகவே சந்தோஷம். ஆனால் வெறும் சாதமும் மோரும் போதாது. பயத்தம்பருப்பைக் குழைய வேகவைத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். கோயிலுக்குப் போகும்போது பெருமாளுக்குக் காட்டிய பழம் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். காபி சாப்பாட்டுக்கு அப்புறம், ஒரு டம்ளர் மட்டும். பக்தியா பசியா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. பசி போன பிறகும் வரிசையில் நின்று அழுகிறீர்களே, அதற்கு வேறு பெயர் இருக்கிறதா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

நான் வரமாட்டேன்.

கடிதத்தைப் படித்ததும் வரலாம் என்றுதான் இருந்தது. பெட்டியைக் கூட எடுத்து வைத்தேன். துணியை அடுக்கும்போது ஒரு விஷயம் மனசில் தட்டியது, அதற்கு மேல் அடுக்க முடியவில்லை. முகுந்தனுக்குப் பசித்தது, நேரம் மாறியது. உங்களுக்குப் பசித்தது, மறுநாளே மாறியது. நடுவில் நான் கேட்டேன். உங்கள் எதிரிலேயே நடுங்கினேன். பாலத்தின் மேல் உங்கள் மடியிலேயே விழுந்தேன், கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினேன். அப்போது மாறவில்லை. உங்களுக்கு வலித்த பிறகுதான் அது நோயாயிற்று. இப்போது நான் வந்து அந்த ஏழு மணிச் சாப்பாட்டில் உட்கார்ந்தால், ஒவ்வொரு வாய்க்கும் இதுதான் நினைவு வரும். அப்படிச் சாப்பிடுகிற சாப்பாடு என் உடம்பில் ஒட்டாது அம்மா. எனக்கு என் உடம்பு வேண்டும்.

நீங்கள் கெட்டவர் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை, இனியும் சொல்ல மாட்டேன். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கசந்திருக்காது.

முகுந்தனிடம் நானே பேசிக்கொள்கிறேன். இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

பெருமாளுக்கு என் நமஸ்காரத்தைச் சொல்லுங்கள். அவர் மேல் எனக்கு வருத்தமே கிடையாது. எந்த நேரத்தில் கொடுத்தாலும் அவர் ஏற்றுக்கொண்டார்.

பார்கவி